எழுத்தை வார்த்த கைகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள எங்கள் பங்கு ஆலயத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மக்கள் கூடியிருந்தார்கள். ஆண்டுதோறும் சிலுவைப்பாதை மன்றாட்டுகளை வாசிப்பவர் எங்கள் பழைய உபதேசியார். எண்பதை நெருங்கிய வயது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாசிப்பு அவருடையதாகவே இருந்து வந்தது. எத்தனையோ பங்குத்தந்தையர் வந்தார்கள், போனார்கள். அவருடைய குரல் மட்டும் மாறவில்லை.

அந்த ஆண்டு நான் மன்றாட்டுகளைப் புதிதாக எழுதியிருந்தேன். கணினியில் நானே தட்டச்சு செய்து, ஒரே தாளின் இருபுறமும் அடங்கும்படி அச்சிட்டிருந்தேன். திருமண அழைப்பிதழ்களில் காண்கிறோமே, அத்தகைய மெல்லிய, வளைந்து நெளிந்த அலங்கார எழுத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. சிறிய எழுத்தாகையால் தாளும் மிச்சமாயிற்று. உள்ளூர எனக்குச் சற்றுப் பெருமைதான்.

உபதேசியார் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றார். தாளைக் கண்ணருகே கொண்டு சென்றார். பிறகு தள்ளிப் பிடித்தார். ஆலயம் காத்திருந்தது. அவர் ஒன்றும் வாசிக்கவில்லை. அருகில் நின்ற பீடச்சிறுவனிடம் தாளைக் கொடுத்துவிட்டு, மெல்ல இறங்கிப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். வயதாகிவிட்டது, பாவம் என்று நான் எண்ணினேன். சிறுவன் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தான்.

வழிபாடு முடிந்தபின் சக்கிறிஸ்துவில் அவரிடம் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். அவர் மறித்தார்.

“கண்ணு நல்லாத்தான் தெரியுது சாமி. கண்ணாடியும் போட்டுத்தான் இருந்தேன். எழுத்தெல்லாம் ஒண்ணு மாதிரியே இருந்துச்சு. தப்பா வாசிச்சுட்டா ஆண்டவரோட பாடு தப்பாப் போயிருமேன்னு பயமா இருந்துச்சு. அதான் கொடுத்திட்டேன்.”

அன்றிரவு அந்தத் தாளை எடுத்து அவருடைய கண்களால் பார்க்க முயன்றேன். ‘பாரம்’ என்ற சொல்லில் காலுக்கும் ‘ர’ என்ற எழுத்துக்கும் வேறுபாடே இல்லை. ‘ன’வும் ‘ள’வும் ஒரே சுழியாய்த் தெரிந்தன. மெய்யெழுத்தின் மேல் இருக்க வேண்டிய புள்ளி, வளைந்த கோட்டோடு ஒட்டிக் காணாமற்போயிருந்தது. மன்றாட்டுகளை நான் மனப்பாடமாக அறிந்திருந்ததால் அந்தக் குறைகள் என் கண்ணில் படவில்லை. எழுதியவனுக்குத் தன் எழுத்து எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். வாசிக்க வருகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

முப்பது ஆண்டுகளாக எழுத்துகளோடுதான் என் பிழைப்பு. மறையுரைக் குறிப்பு, அறிவிப்பு, திருமுழுக்கு ஏடு, மரண ஏடு என்று நாள்தோறும் எழுத்தோடு வாழ்கிறேன். ஆனால் ஓர் எழுத்தின் வடிவத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து ஆக்கியிருக்கிறார் என்ற எண்ணம் அந்த இரவுக்கு முன் எனக்கு வந்ததே இல்லை.

கம்பத்தில் எனக்குத் தெரிந்த ஓர் எழுத்தோவியர் உண்டு. இஸ்லாமியர். ஊரார் ‘பாய்’ என்றே அழைப்பார்கள். பள்ளிவாசலுக்கும் மாரியம்மன் கோவிலுக்கும் எங்கள் ஆலயத்துக்கும் பேதமின்றிப் பெயர் எழுதித் தந்தவர். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் நெற்றியில் அவர் எழுதிய புனிதர்களின் பெயர்களை இன்றும் சில வண்டிகளில் காணலாம். 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிந்தபோது, ஊர் ஊராகப் போய்ப் பலகைகளில் ‘மதுரை’யை அழித்துத் ‘தேனி’ என்று எழுதியதைப் பெருமையோடு சொல்வார். ஃபிளக்ஸ் பதாகைகள் வந்தபின் அவருக்கு வேலை அற்றுப்போயிற்று. இப்போது வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடித்துப் பிழைக்கிறார். நானும் திருவிழாவுக்கு ஃபிளக்ஸ் அடிக்கக் கொடுத்தவன்தான்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது பாக்குறதுக்கு உள்ள எழுத்து ஃபாதர். படிக்கிறதுக்கு உள்ளது இல்ல.”

அன்று மாலை அவர் சொன்னவை எந்தக் குருமடத்திலும் எனக்குக் கிடைக்காத பாடம். வட்டமான எழுத்து கோட்டைச் சற்றே தாண்டி நிற்க வேண்டுமாம். கோட்டுக்குச் சரியாக நின்றால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பக்கத்து எழுத்தைவிடச் சிறிதாகத் தெரியும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளவுகோலால் அளக்கக் கூடாது. ‘ண’ அகன்றது, ‘ர’ ஒடுங்கியது, ஆகவே கண்ணால்தான் அளக்க வேண்டும். எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கிற வெற்றிடம் அடைபட்டுப் போனால் எழுத்தே செத்துப்போகும். கறுப்பை எழுதும்போது வெள்ளையைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும்.

“பஸ்ஸுக்குப் போர்டு எழுதுனேன்ல ஃபாதர், அப்ப ஒண்ணு கவனிச்சேன். படிக்கத் தெரியாத கிழவிங்க கூட பஸ்ஸு தூரத்துல வரும்போதே கம்பமா, தேனியா, போடியான்னு சொல்லிருவாங்க. எழுத்தக் கூட்டிப் படிக்கிறதில்ல. மொத்த உருவத்தப் பாத்துச் சொல்றது. நாம இஷ்டத்துக்கு வளைச்சு எழுதினா அந்தக் கிழவி வேற பஸ்ஸுல ஏறிரும்.”

வேறு பேருந்தில் ஏறிவிடக்கூடிய அந்தக் கிழவியை மனத்தில் வைத்து எழுதியவர் அவர். யாரையும் மனத்தில் வைக்காமல் அச்சிட்டவன் நான்.

அதன்பின் எழுத்துகளை ஆக்கியோரைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். தேடலில் முதலில் கிடைத்தது எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரைப் பகுதியில் புலிமான்கோம்பை என்றோர் ஊர். 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் இருப்பவை தமிழ் பிராமி எழுத்துகள். கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். கூடலூரில் நடந்த ஆநிரை கவரும் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் அவற்றுள் ஒன்று. எங்கள் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இன்றும் கூடலூர் என்ற ஊர் உண்டு. கல்லில் உள்ளது அந்தக் கூடலூர்தானா என்ற ஆராய்ச்சியை அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். என்னைத் தொட்டது வேறொன்று. மாடுகளுக்காகச் செத்த ஒருவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிகிறது. அந்தப் பெயரை உளி கொண்டு கல்லில் வெட்டியவனின் பெயர் தெரியவில்லை. கோடும் கோணமுமாக அவன் வெட்டிய எழுத்து மட்டும் நிற்கிறது.

கல்லில் கோணலும் நேருமாக இருந்த எழுத்து ஓலைக்கு வந்து வட்டமாயிற்று. எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை நரம்போடு கிழியும் என்பதால் வளைத்து எழுதினார்கள் என்பர். இலக்கணம் விதித்த புள்ளியையும் ஏட்டில் எழுதுவோர் பெரும்பாலும் இடாமல் விட்டார்கள். படிப்பவன் இடம் அறிந்து படித்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. கற்றவர்களுக்கு அது போதும். கற்காதவன் என்ன செய்வான்?

அந்த நிலையில்தான் தமிழெழுத்து ஈயத்துக்குள் புகுந்தது. அந்தக் கதை நம் திருச்சபையோடு பின்னியது என்பதை வாசகர் பலர் அறிவர். அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், போர்த்துக்கல் நாட்டிலிருந்து வந்து முத்துக்குளித்துறையில் பல்லாண்டு உழைத்த இயேசு சபைக் குரு. 1554-இல் லிஸ்பனில் ஒரு தமிழ் மறைநூல் அச்சானது. ஆனால் அது உரோமன் எழுத்தில். நம் மக்கள் நம் எழுத்திலேயே வாசிக்க வேண்டும் என்றால் அந்த எழுத்தை எவரேனும் உலோகத்தில் வார்த்தாக வேண்டும். 1577-இல் கோவாவில் அதைச் செய்தவர் ஜோவான் கொன்சால்வஸ் என்ற ஸ்பானிய இயேசு சபைச் சகோதரர். குருவல்லர், கொல்லு வேலை அறிந்தவர். தமிழ் அறிந்து அவருக்குத் துணைநின்றவர் பெரோ லூயிஸ். அந்தணர் குலத்தில் பிறந்து இயேசு சபையில் சேர்ந்தவர். பிறகு 1578-இல் கொல்லத்தில் ஜோவான் தெ ஃபாரியா என்ற குரு இன்னொரு தொகுதி எழுத்தை வார்த்தார். அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்டது. இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறியது அதுவே முதன்முறை என்பார்கள். அதன் படி ஒன்று இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நூலின் கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்தையும் கொல்லத்து எழுத்தையும் தனித்தனியே அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏட்டெழுத்து அப்படியே உலோகத்தில் இறங்கியிருக்கிறது. புள்ளி இல்லை.

எழுத்தை வார்ப்பது எளிய வேலையன்று. உருக்குக் கம்பியின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அறைந்தால் பள்ளமான அச்சு கிடைக்கும். அந்தப் பள்ளத்தில் காரீயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து உருக்கி ஊற்றினால் ஓர் எழுத்துத் துண்டு பிறக்கும். ஐரோப்பிய மொழிகளுக்கு இருபத்தாறு எழுத்து. சிறியதும் பெரியதுமாகச் செய்தாலும் ஒரு கணக்குக்குள் அடங்கும். நமக்கோ எழுத்துகள் 247. கால், கொம்பு முதலியவற்றைத் தனியே பிரித்துக்கொண்டாலும் உகர ஊகார வரிசைகளுக்கும் இகர ஈகார வரிசைகளுக்கும் தனித்தனி வார்ப்பு வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள் இல்லாமல் ஒரு பக்கம் கோக்க முடியாது. அம்பலக்காட்டில் 1679-இல் அச்சான அந்தாவோ தெ புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதிக்கு மரத்தில் எழுத்துகளைச் செதுக்கியவர் இக்னாசியுஸ் ஐச்சாமணி என்ற நம்மவர் என்று பிற்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்த அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகத் தந்தவர் நம் தனிநாயகம் அடிகள். அகராதியை ஆக்கியவரையும் மீட்டுத் தந்தவரையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மரத்துண்டுகளோடு குனிந்து உட்கார்ந்திருந்த ஐச்சாமணியை எத்தனை பேர் அறிவோம்?

லூத்தரன் சகோதரர்கள் தரங்கம்பாடியில் செய்த பணியும் மறக்கத்தக்கதன்று. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் சீகன்பால்குவிடம் வந்து சேர்ந்தன. வந்தபின்தான் சிக்கல் தெரிந்தது: எழுத்து மிகப் பெரிது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிடக் காகிதம் போதாது. ஆகவே பொறையாற்றில் வார்ப்புச்சாலை அமைத்துச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தையும் இதற்கு உருக்கினார்கள் என்பர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. அவர்கள் எழுத்தைச் சிறிதாக்கியது இறைவார்த்தை முழுவதும் மக்கள் கைக்குப் போக வேண்டும் என்பதற்காக. நான் எழுத்தைச் சிறிதாக்கியது ஒரு தாளை மிச்சப்படுத்த. செயல் ஒன்றுதான், நோக்கில் எவ்வளவு தூரம்!

எழுத்தை வார்ப்பவர்கள் ஒருபுறமிருக்க, எழுத்தின் உருவத்தையே திருத்தியவர்களும் உண்டு. வீரமாமுனிவரைப் பற்றி நாம் பேசும்போது தேம்பாவணியையும் சதுரகராதியையும் சொல்கிறோம். அவர் செய்த சிறிய கோடு ஒன்றை அதிகம் சொல்வதில்லை. பழைய முறைப்படி எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி உண்டு; நெடிலுக்கு இல்லை. ஏட்டில் புள்ளி மறைந்ததும் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரியாமற்போயிற்று. ‘எரி’ என்று எழுதினால் நெருப்பா, ‘ஏரி’ என்ற நீர்நிலையா என்பதை இடம் பார்த்தே அறிய வேண்டும். கொடுவும் கோடும் ஒன்று. கெடுவும் கேடும் ஒன்று. நெடிலுக்குக் கீழே ஒரு கோட்டையும் சுழியையும் இழுத்து, கொம்பின் தலையை மேலே சுழித்துவிட்டார் வீரமாமுனிவர். ஏ, ஓ, கே, கோ என்று இன்று நாம் எழுதுவது அந்தத் திருத்தத்தின் பயன். இத்தாலியிலிருந்து வந்து தமிழை எழுத்துக் கூட்டிக் கற்ற ஒருவருக்குத்தான், கற்காதவன் எங்கே இடறுவான் என்பது தெரிந்திருக்கிறது. தாமும் அங்கே இடறி எழுந்தவர் அல்லவா?

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தந்தை பெரியார் இன்னொரு திருத்தத்தைச் செய்தார். 1935-இல் தம் ‘குடி அரசு’ இதழில் அதை நடைமுறைப்படுத்தினார். பழைய தமிழில் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் யானைத் துதிக்கை போன்ற சுழி ஒன்றைத் தலையில் தாங்கியிருந்தன. ணா, றா, னா ஆகியவற்றுக்குக் கால் தனியாக இல்லாமல் எழுத்தோடு சேர்ந்தே வளைந்திருந்தது. அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் அப்படியே. மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். இவற்றையும் மற்ற எழுத்துகளைப் போலவே எழுதினால் பிள்ளைகளுக்குக் கற்பது எளிது, அச்சகத்தாருக்குத் துண்டுகள் குறையும் என்றார் அவர். 1978-இல் தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது. கடவுளின் பெயரால் வந்தவர் ஒருவர்; கடவுளை மறுத்தவர் ஒருவர். இருவரும் எழுத்தில் கைவைத்தது ஒரே ஆளுக்காக: இன்னும் வாசிக்கத் தெரியாதவனுக்காக.

அந்த மாற்றம் நடந்தபோது நான் தொடக்கப் பள்ளிச் சிறுவன். துதிக்கை வைத்த எழுத்தை முதலில் கற்று, பிறகு அதை மறக்கக் கற்ற தலைமுறை எங்களுடையது. என் அப்பத்தாவிடம் பழைய செபப் புத்தகம் ஒன்று இருந்தது. ஊர் உபதேசியாரிடம் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றவர் அவர். அந்த ஒரு புத்தகத்தைத் தவிர வேறெதையும் வாசித்தவரல்லர். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்த நான் அதிகப்பிரசங்கித்தனமாக, “ஒன் புத்தகத்துல எழுத்தெல்லாம் தப்பு அப்பத்தா” என்றேன்.

“தப்பு இல்லடா. ஒங்க புத்தகத்துல மாத்திட்டாக” என்றார். பிறகு அமைதியாகச் சொன்னார்: “இந்த எழுத்துலதான்டா ஒந் தாத்தா சாகும்போது தலைமாட்டுல ஒக்காந்து செபம் வாசிச்சேன்.”

அந்தத் திருத்தம் தேவையானது என்றே இன்றும் கருதுகிறேன். எனினும் எந்தத் திருத்தத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் என் அப்பத்தாவைப் போன்றவர்கள். அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் பங்கின் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கொடுத்தேன். சில வரி வாசித்தாள். ‘அன்னை’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள்.

‘அன்னை’ என்றதும் இன்னொரு நினைவு வருகிறது. 1980-களின் இறுதியில் நான் குருமாணவனாக இருந்தபோது, அன்னையின் விழா மலர் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்தும் பொறுப்பு எனக்கு. அச்சகம் சிறியது. அச்சுக்கோப்பவர் நாள் முழுதும் நின்றபடியே, அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டியிலிருந்து எழுத்துகளைப் பார்க்காமலே பொறுக்கிக் கோப்பார். தலைகீழாய், இடவலம் மாறிக் கிடக்கும் வரிகளை நாம் நேர்வரியை வாசிப்பதுபோல் வாசிப்பார். மலரில் வரிக்கு வரி ‘அன்னை’. மூன்றாம் பக்கத்திலேயே ஐகாரக் கொம்பு தீர்ந்துவிட்டது. கோத்த பக்கத்தை அச்சிட்டு, எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் மறுபடி போட்டால்தான் அடுத்த பக்கம்.

“பிரதர், கொஞ்ச எடத்துல மாதான்னு மாத்திக் குடுங்களேன். கால் நெறைய இருக்கு” என்றார்.

மாற்றிக் கொடுத்தேன். எங்கள் மரியியல் பேராசிரியர்கள் அந்த மலரில் ‘அன்னை’யும் ‘மாதா’வும் மாறி மாறி வருவதற்கு ஆழ்ந்த பொருள் ஏதும் தேடியிருந்தால், அதன் காரணம் மரப்பெட்டியில்தான் இருந்தது. அந்த அச்சுக்கோப்பவரின் விரல் நுனிகள் ஈயத்தால் எப்போதும் கறுத்தே இருக்கும். நற்கருணை வாங்க வரும்போது அந்தக் கைகளை மறைத்துக்கொள்வார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. இப்போது எண்ணினால் வெட்கம் நானே பட வேண்டியது.

பின்னர் ஈயம் போயிற்று; கணினி வந்தது. தொடக்கத்தில் ஆளுக்கொரு முறையில் தமிழ் எழுத்துருக்களை அமைத்தார்கள். ஒருவருடைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது மற்றவர் கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். 2000-ஆம் யூபிலி ஆண்டில் ஒரு பங்கில் மூத்தோரைக் கேட்டுக் கேட்டுப் பங்கு வரலாற்றைத் தட்டச்சு செய்து குறுந்தகட்டில் வைத்தோம். பத்தாண்டு கழித்துத் திறந்தபோது ஒரு சொல்லும் தெரியவில்லை. எந்த எழுத்துருவில் செய்தோம் என்பதும் நினைவில்லை. தகவல் தந்த முதியோரில் பலர் அதற்குள் கல்லறையில். புலிமான்கோம்பைக் கல்லைப் படிக்க முடிகிறது. 1578-இன் தாளைப் படிக்க முடிகிறது. பத்தாண்டுக்கு முன் நான் வைத்ததைப் படிக்க முடியவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பலர் உழைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்ற எழுத்துருவை உருவாக்கி எவரும் பயன்படுத்த இலவசமாகத் தந்தார்; அவரே 1998-இல் தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை ஆக்கினார். அவர் வரைந்த ‘இணைமதி’ எழுத்துரு ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் இடம்பெற்றது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டுக்குப் பின் ஒரு பொது விசைப்பலகை அமைந்தது. உலகமொழிகள் அனைத்துக்கும் பொதுவான யுனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. இன்று நாம் கைப்பேசியில் அனுப்பும் தமிழ் எந்த நாட்டிலும் தமிழாகவே தெரிவது அதனால்தான். பிரியா இரவிச்சந்திரன் வரைந்த எழுத்துரு ஒன்றுக்கு நம் கட்டுமரத்தின் பெயர். ஒல்லியானது முதல் தடித்தது வரை ஒன்பது கனங்களில், தமிழுக்கும் உரோமன் எழுத்துக்கும் பொருந்தும்படி செய்திருக்கிறார். இலங்கையின் தாரிக் அஸீஸ் கையெழுத்தின் சாயலில் ‘கவிவனார்’ என்ற எழுத்துருவைத் தந்திருக்கிறார். இவையும் விலையின்றிக் கிடைக்கின்றன. உளியும் ஈயமும் இல்லை. திரையில் வளைகோடுகளை இழுத்து வரைகிறார்கள். ஆனால் வயிற்று வெளி அடைபடக் கூடாது, புள்ளி ஒட்டிக்கொள்ளக் கூடாது, காலும் ‘ர’வும் குழம்பக் கூடாது என்று கம்பத்துப் பாய் பட்ட கவலையை அவர்களும் பட வேண்டியிருக்கிறது.

அன்பு வாசகர்களே, இவர்களை எண்ணும்போது இந்தப் பணியின் துறவு என்னை ஈர்க்கிறது. நல்ல எழுத்து கண்ணில் படாது. வாசிப்பவர் எழுத்தைத் தாண்டிச் சொல்லுக்கும், சொல்லைத் தாண்டிப் பொருளுக்கும் போய்விடுவார். எழுத்தை ஆக்கியவன் வழியை விட்டு விலகி நிற்பான், திருமுழுக்கு யோவானைப் போல. நான் அச்சிட்ட தாளிலோ என் எழுத்து நடுவழியில் நின்று ‘என்னைப் பார்’ என்றது. ஆண்டவரின் பாடுகள் அதற்குப் பின்னால் மறைந்துபோயின. வாக்கானவர் நம்மிடையே வந்தபோது நாம் எளிதில் அணுகக்கூடிய உருவில் வந்தார் என்று முப்பது ஆண்டுகளாக மறையுரை ஆற்றுகிறேன். ஒரு தாளை அச்சிடும்போது அதை மறந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு தவக்காலத்துக்கு முன்பே தாளை மாற்றி அமைத்தேன். திருகல் இல்லாத எழுத்து, அளவும் பெரிது, ஒரு தாள் மூன்று தாளாயிற்று. முதல் படியைப் பாயிடம் காட்டினேன். வரிகளுக்கிடையே இன்னும் கொஞ்சம் இடம் விடச் சொன்னார். விட்டேன். உபதேசியாரிடம் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின சனவரி மாதமே, ஓர் அதிகாலையில், தூக்கத்திலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். நாற்பது ஆண்டு வாசித்தவருக்குக் கடைசியாக வாய்த்த பெரிய வெள்ளியில் அவரை வாசிக்கவிடாமல் செய்தவன் நான். அவர் அதைப் பிறகு ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை. மன்னித்தாரா என்றுகூட நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கல்லறைக் கல்லுக்குப் பெயர் எழுத வேண்டியபோது, கணினியில் அச்சிட்டு ஒட்டி வெட்டித் தருவதாகக் கல் தச்சர் சொன்னார். வேண்டாம் என்று பாயை அழைத்து வந்தேன். நெடுநாளுக்குப் பின் தூரிகையைக் கையில் எடுத்த அவருக்குத் தொடக்கத்தில் விரல் சற்று நடுங்கியது. நூல் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டு, கருங்கல்லின் மேல் வெள்ளை வண்ணத்தில் பெயரை எழுதினார். அதன்மேல் தச்சர் உளி பிடித்தார். கூலி வாங்க பாய் மறுத்துவிட்டார்.

அந்த ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மந்திரித்துக்கொண்டே வரிசையாக வந்தேன். உபதேசியாரின் கல்லருகே அவருடைய கொள்ளுப்பேத்தி உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு. மெழுகுதிரி வெளிச்சத்தில் விரலை வெட்டுப்பள்ளத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தாத்தாவின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தாள். கடைசி எழுத்தின் மேல் இருந்த புள்ளியையும் விரலால் தொட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“சரியா வாசிச்சேனா சாமி?”

சரியாகத்தான் வாசித்தாள்.

ஆகவே உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். ஆலயத்துக்கோ அன்பியத்துக்கோ ஒரு தாளை அச்சிடும்போது, அழகாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணைக் கேட்காதீர்கள். உங்கள் தெருவில் மிகவும் தடுமாறி வாசிக்கிற முதியவர் ஒருவரிடமும், இப்போதுதான் வாசிக்கத் தொடங்கிய குழந்தை ஒன்றிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் நிற்காமல் வாசித்தால் அச்சிடுங்கள்.